கறுப்பு அப்பர் கத்தரிக்காய் நிறமாகத் தெரிகிறது: கோளாறு கலர் குளோபல் ஷட்டர் கேமராவிலா, வெளிச்சத்திலா?

சிப்காட் பட்டறை (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டை ஒட்டிச் சிறிய ஆட்டோமேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றுக்கு, தைத்து முடித்த அப்பர்களைக் (ஷூவின் மேல்பாகத் தோல்) கன்வேயரில் ஓடவிட்டுக் கேமராவால் பார்த்துக் குறையுள்ளவற்றை ஒதுக்கும் நிலையம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். பெல்ட் நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓடுகிறது. கேமராவின் பார்வைப் பரப்பு 300 மிமீ அகலம், 225 மிமீ உயரம்.

முதலில் ரோலிங் ஷட்டர் கேமரா போட்டிருந்தேன். நேராக நிற்க வேண்டிய குதிகால் தையல் படத்தில் சாய்ந்து விழுந்தது. அளவு எடுக்கும் மென்பொருள் நல்ல அப்பரையும் கோணல் என்று தள்ளியது. அதனால் கைக்காசைப் போட்டு 1.6 மெகாபிக்சல் கலர் குளோபல் ஷட்டர் கேமராவுக்கு மாறினேன். சென்சார் சோனியின் ஐஎம்எக்ஸ் 273, கிகாபிட் ஈதர்நெட் இணைப்பு, 6 மிமீ லென்ஸ். சாய்வு அன்றோடு தீர்ந்தது.

இப்போது வேறு தொல்லை. கறுப்பு அப்பர்களில் சில லாட்டுகள் படத்தில் கத்தரிக்காய் நிறமாக வருகின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் நல்ல கறுப்பு. சூப்பர்வைசர், மேஸ்திரி, நான் என மூவரும் பார்த்துவிட்டோம். மென்பொருள் மட்டும் 'ஷேடு வேறுபாடு' என்று கழித்துக்கொண்டே இருக்கிறது. கேமரா விற்றவரிடம் கேட்டால், 5 மெகாபிக்சல் எடுத்தால் நிறம் சரியாகிவிடும் என்கிறார். அந்த விலைக்கு இந்த வேலையில் எனக்கு மிஞ்சுவதே போய்விடும். வாங்கத்தான் வேண்டுமா?

காட்பாடி கண்ணாடி | திங்கள், இரவு 10.35

வாங்க வேண்டாம். குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம். பிக்சல் எண்ணிக்கை கூடினால் நுணுக்கம் கூடும். கறுப்பைக் கத்தரிக்காயாக்கும் காரணத்துக்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லை.

முதல் சாய்வு ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இழையைப் பின்னால் படிப்பவர்களுக்கு உதவும். ரோலிங் ஷட்டர் என்பது பந்தியில் சோறு போடுவது போன்றது. ஒரு முனையிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வருவார்கள்; கடைசி இலைக்குச் சோறு விழும்போது முதல் இலைக்காரர் ரசத்துக்கு வந்திருப்பார். சென்சாரின் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 33 மில்லி விநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெல்ட் விநாடிக்கு 333 மிமீ நகர்கிறது. ஆகவே படத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையில் அப்பர் 11 மிமீ நகர்ந்துவிட்டிருக்கும், 225 மிமீ உயரத்துக்கு 11 மிமீ சாய்வு. நீங்கள் பார்த்தது அதைத்தான். பெல்ட் ஓடும் திசை சென்சாரின் வரிசைகளுக்குக் குறுக்காக இருந்திருந்தால், சாய்வுக்குப் பதில் அப்பர் நீண்டோ குறுகியோ தெரிந்திருக்கும்.

குளோபல் ஷட்டரில் எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் ஒளியை வாங்கத் தொடங்கி ஒரே கணத்தில் நிறுத்துகின்றன. சேர்ந்த மின்னூட்டம் உடனே அந்தந்தப் பிக்சலுக்குள்ளேயே ஒளி படாமல் மூடி வைத்த சிறு சேமிப்பிடத்துக்குப் போய்விடும். அங்கிருந்து வரிசை வரிசையாகப் படிப்பது பிறகு நிதானமாக நடக்கும். அந்தச் சேமிப்பிடத்துக்குப் பிக்சலில் இடம் கொடுக்க வேண்டியிருப்பதால்தான் இந்தச் சென்சார்கள் விலை கூடுதலாகவும், ஒரே அளவுப் பிக்சலில் ஒளியைக் கொள்ளும் திறன் சற்றுக் குறைவாகவும் இருக்கின்றன.

ஆனால் ஒன்று: குளோபல் ஷட்டர் சாய்வை நீக்கும், அசைவு மங்கலைத் தானாக நீக்காது. அது எக்ஸ்போஷர் நேரத்தை, அதாவது சென்சார் ஒளியை வாங்கும் நேரத்தைப் பொறுத்தது. ஆகவே மூன்று கேள்விகள். எக்ஸ்போஷர் எத்தனை மைக்ரோ விநாடி? விளக்கு எது, எப்போதும் எரிவதா, கேமராவோடு சேர்ந்து மின்னுவதா? கேமராவின் சி மவுண்ட் (லென்ஸ் திருகும் வளையம்) வாய்க்குள் பார்த்தால் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி நிறமற்று இருக்கிறதா, சாய்த்துப் பார்த்தால் இளநீலமோ சிவப்போ மின்னுகிறதா?

நான்காவது கேள்வியும் உண்டு. கத்தரிக்காய் நிறம் நாள் முழுவதும் வருகிறதா?

குடியாத்தம் தறி | திங்கள், இரவு 11.05

குளோபல் ஷட்டரே தேவைப்பட்டிருக்காது என்பது என் கருத்து. நாங்கள் துணியில் அச்சுப் பிழை பார்க்கும் இடத்தில் மலிவான ரோலிங் ஷட்டர் கேமராவைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, எல்லா வரிசைகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அந்தக் குறுகிய இடைவெளியில் மட்டும் விளக்கை மின்னவிடுகிறோம். வெளிச்சம் 100 மைக்ரோ விநாடிதான் என்றால், ஷட்டர் எப்படி உருண்டால் என்ன? படம் உறைந்துதான் வரும்.

காட்பாடி கண்ணாடி | திங்கள், இரவு 11.20

நீங்கள் சொல்வது உண்மைதான், உங்கள் பெட்டி உண்மையிலேயே இருட்டாக இருக்கும் வரை. வெளி வெளிச்சம் சிறிது கசிந்தாலும், மின்னலுக்கு முன்னும் பின்னும் வரிசைகள் திறந்திருக்கும் நேரத்தில் மங்கலான இரண்டாவது உருவம் ஒன்று பேய் போலப் படத்தில் ஒட்டிக்கொள்ளும். துணி பெட்டிக்குள் நுழையும் பிளவு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அப்பரோ 10, 12 செமீ உயரத்துக்குக் கூடாரம் போல நிற்கும் பொருள். அதற்கு வாசல் பெரிதாக வேண்டும், வாசல் பெரிதானால் வெளிச்சம் வரும். இவருக்குக் குளோபல் ஷட்டர் சரியான முடிவுதான்.

கறுப்பு வெள்ளை | செவ்வாய், காலை 7.15

கலர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே. இயந்திரப் பார்வையில் பத்து வேலைக்கு ஏழு வேலை ஒற்றை நிறச் சென்சாரிலேயே கூடுதல் நேர்த்தியாக முடியும் என்பது என் அனுபவம்.

கலர் சென்சாருக்குத் தானாக நிறம் தெரியாது. சிலிக்கானுக்கு எல்லா ஒளியும் ஒன்றுதான். ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு சிறு வடிகட்டியை ஒட்டி வைக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் அமைத்த அடுக்குமுறை இது. 1976-இல் காப்புரிமை பெற்றது, இன்றும் அதுதான் பெரும்பாலும் ஓடுகிறது. நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. மீதி இரண்டையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறார்கள். ஆகவே 1.6 மெகாபிக்சல் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், சிவப்பை உண்மையாக அளப்பவை 4 லட்சம் பிக்சல்கள்தாம். மேலும் ஒவ்வொரு வடிகட்டியும் தனக்கு வேண்டாத ஒளியைத் தின்றுவிடுகிறது.

உங்கள் பரப்பு 300 மிமீ, அகலவாக்கில் 1440 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 0.21 மிமீ. அரை மில்லிமீட்டர் ஊசித் துளை ஒன்று இரண்டரைப் பிக்சலில் உட்காரும்; அதில் சிவப்புப் பிக்சல் ஒன்று சிக்கினாலே பெரிது. கீறலும் துளையும் தையல் விடுபடலும்தான் உங்கள் வேலை என்றால், ஒற்றை நிறக் கேமராவை வைத்து, விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் சாய்த்து விடுங்கள். கீறலின் கரை பளிச்சென்று எழுந்து நிற்கும்.

சிப்காட் பட்டறை | செவ்வாய், பிற்பகல் 3.40

கறுப்பு வெள்ளை சார் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு ஷூவுக்கு நான்கைந்து உறுப்புகள் வெவ்வேறு தோலிலிருந்து வெட்டப்படுகின்றன. பழுப்பில் ஒரு ஜோடியின் இடதும் வலதும் சற்று வேறு ஷேடில் போனால் வாங்குபவர் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறார். நிறம் பார்ப்பதற்காகவே என்னை அழைத்தார்கள். கலர் இல்லாமல் முடியாது.

காட்பாடி சாரின் கேள்விகளுக்குப் பதில். எக்ஸ்போஷர் 2000 மைக்ரோ விநாடி. விளக்கு வெள்ளை எல்இடி பட்டைகள் இரண்டு, எப்போதும் எரிபவை. சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடி சாதாரண ஜன்னல் கண்ணாடி போல நிறமற்று இருக்கிறது.

நான்காவது கேள்விதான் எனக்கு உறைத்தது. நேற்று இரவு ஷிப்டில் கழிவுக் கணக்கைப் பார்த்தேன். இரவில் ஒரு கறுப்பு அப்பர்கூட நிறத்துக்காகக் கழியவில்லை. கழிந்தவை எல்லாம் பகல் பத்தரை மணிக்கும் மூன்றரைக்கும் இடையில். அதே லாட், அதே கேமரா. பகலில் கழிந்த ஒன்பது அப்பர்களை இரவில் மறுபடி ஓடவிட்டேன், ஒன்பதும் தேறின. ஷெட்டின் கூரையில் வெளிச்சத்துக்காக நான்கு இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கிறார்கள். ஒன்று ஏறக்குறைய நிலையத்துக்கு நேர் மேலே.

காட்பாடி கண்ணாடி | செவ்வாய், மாலை 6.10

கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் கேமரா அகச்சிவப்பையும் சேர்த்துப் பார்க்கிறது.

சிலிக்கான் சென்சார் நம் கண்ணைவிட வெகுதூரம் பார்க்கும். நமக்கு 700 நானோமீட்டரை ஒட்டிப் பார்வை முடிகிறது. அதற்கு 1000 வரை தெரியும். பேயர் வடிகட்டிச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில்தான் ஒழுங்காகப் பிரிக்கும். 700-ஐத் தாண்டியதும் முதலில் சிவப்பு வடிகட்டி திறந்துகொள்கிறது, 800-ஐ நெருங்கும்போது நீலமும் கசிகிறது, 850 வாக்கில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் அகச்சிவப்பை உள்ளே விடுகின்றன. சிவப்பு கொஞ்சம், நீலம் கொஞ்சம் கூடினால் என்ன நிறம்? கத்தரிக்காய் நிறம்தான்.

இதைத் தடுப்பதற்காகவே கலர் கேமராக்களில் அகச்சிவப்பை வெட்டும் கண்ணாடி ஒன்றைச் சென்சாருக்கு முன் வைப்பார்கள். உங்களுடையதில் அது இல்லை, அல்லது வெறும் கண்ணாடி போட்ட வகையை உங்களிடம் தள்ளியிருக்கிறார்கள். வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டரை ஒட்டிய நீல முகடும், மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் தரும் மஞ்சள் மேடும்தான் உண்டு. 750-க்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதனால் இரவில் குறை தெரியவில்லை. வெயிலின் ஆற்றலிலோ ஏறக்குறைய பாதி அகச்சிவப்பு. வேலூர் வெயில் கூரைத் தகடு வழியாக இறங்கும்போது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உறுதி செய்ய ஒரு எளிய சோதனை. வீட்டு டிவி ரிமோட்டை எடுத்துப் போய்க் கேமராவுக்கு நேரே காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். நேரலைப் படத்தில் ரிமோட்டின் முனை டார்ச் விளக்கு போலப் பளிச்சென்று மின்னினால், தடுப்புக் கண்ணாடி இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எல்லாக் கறுப்பும் ஏன் மாறவில்லை? சில லாட் மட்டும் ஏன்? தோல் தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும்.

வாணியம்பாடிப் பதம் | செவ்வாய், இரவு 8.45

நான் கேமரா தொழில் அறியாதவன். ஃபினிஷிங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் சொல்லும் கதையைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது இதுதான்.

கறுப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வகை. ஒன்று, டிரம்மில் போட்டுச் சாயம் ஏற்றி, மேலே மெல்லிய பூச்சோடு விட்டுவிடுவது. தோலின் கிரெய்ன் (இயல்பான மேல்வரி) தெளிவாகத் தெரியும், விலையும் கூடும். மற்றது, சாயத்துக்கு மேல் பிக்மென்ட் கலந்து ஸ்ப்ரே அடித்து மூடுவது. தோலில் சிறு தழும்பு இருந்தாலும் மறைந்துவிடும். கறுப்புப் பிக்மென்ட் என்றால் பெரும்பாலும் கார்பன் பிளாக், அதாவது புகைக்கரி. புகைக்கரி எந்த ஒளியையும் விடாது விழுங்கிவிடும். சாயக் கறுப்போ கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விழுங்குகிறது. பட்டறைக்காரரே, உங்கள் கத்தரிக்காய் லாட்டுகள் சாயக் கறுப்பாக இருக்கும், தேறியவை பிக்மென்ட் அடித்தவையாக இருக்கும். லாட் அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய ஷேடு பார்ப்பவர்கள் மாஸ்டர் துண்டையும் புதுத் தோலையும் வடக்குப் பார்த்த ஜன்னல் அருகே கொண்டு போய்த்தான் வைத்துப் பார்ப்பார்கள். டியூப் லைட்டுக்கு அடியில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பழுப்பு, வாசலுக்கு வந்ததும் அண்ணன் தம்பி அளவுக்கு வேறாகிவிடும். இது கேமராவின் குறை மட்டும் அன்று, கண்ணுக்கும் உள்ள குறைதான்.

காட்பாடி கண்ணாடி | செவ்வாய், இரவு 9.20

பாய், அருமை. பெரும்பாலான கரிமச் சாயங்கள் அகச்சிவப்பில் கண்ணாடி போல ஆகிவிடுகின்றன. அடியில் உள்ள தோல் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் கறுப்பு, தடுப்பற்ற கேமராவுக்கு ஒன்று கறுப்பு, மற்றது கத்தரிக்காய். முடிச்சு அவிழ்ந்தது.

நீங்கள் சொன்ன டியூப் லைட் விஷயத்துக்கு மெட்டமெரிசம் என்று பெயர். இந்த இடத்தில் பட்டறைக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. கேமராவின் சிவப்பு, பச்சை, நீல உணர்வு வளைவுகள் மனிதக் கண்ணின் வளைவுகளைப் போன்றவை அல்ல. ஆகவே கேமரா 'ஒன்று' என்பதைக் கண் 'வேறு' என்றும், கண் 'ஒன்று' என்பதைக் கேமரா 'வேறு' என்றும் சொல்லும் ஜோடிகள் எப்போதும் இருக்கும். வாங்குபவரோடு டெல்டா ஈ (இரு நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டின் அளவு) எண்ணில் ஒப்பந்தம் போட வேண்டுமானால் அதற்கு நிறத்தை அலைநீள வாரியாக அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வேண்டும். கேமராவின் வேலை, ஒரே விளக்கின் கீழ், ஒரே வகைத் தோலில், இந்த ஜோடியின் இடதும் வலதும் ஒன்றுபோல உள்ளனவா என்று ஒப்பிடுவது. அதைத் தாண்டி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சிப்காட் பட்டறை | வியாழன், இரவு 10.15

ரிமோட் சோதனை செய்தேன். முனை மின்னியது மட்டுமன்று, பக்கத்தில் இருந்த அப்பரின் மீதும் ஒளி விழுந்து தெரிந்தது. லாட் அட்டையையும் பார்த்துவிட்டேன். பாய் சொன்னது நூற்றுக்கு நூறு. விற்றவரிடம் கேட்டபோது, 'கலர் கேமரா என்றால் வடிகட்டி இருக்கும் என்று நினைத்தோம்' என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவர் விற்பவர் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது லென்ஸின் முன்புறம் திருகும் அகச்சிவப்புத் தடுப்பு ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறேன். கறுப்பு கறுப்பாகிவிட்டது. ஆனால் வெள்ளைக் காகிதத்தைப் படம் எடுத்தால் நடுவில் வெள்ளையாகவும் இரு ஓரங்களிலும் சற்றுப் பச்சை கலந்தும் வருகிறது. இது என்ன புதுக் கூத்து?

காட்பாடி கண்ணாடி | வியாழன், இரவு 11.00

நீங்கள் போட்டது பூச்சு அடுக்கி வெட்டும் வகை. அந்த வகையில் ஒளி நேராக விழுந்தால் ஒரு இடத்தில் வெட்டும், சாய்ந்து விழுந்தால் வெட்டும் இடம் குறைந்த அலைநீளத்தை நோக்கி நகர்ந்துவிடும். உங்கள் சென்சார் 5 மிமீ அகலம், லென்ஸ் 6 மிமீ. படத்தின் ஓரத்துக்கு வரும் கதிர் 22 டிகிரிக்கு மேல் சாய்ந்து வருகிறது. அங்கே வடிகட்டி அகச்சிவப்போடு நல்ல சிவப்பிலும் கொஞ்சத்தைச் சீவிவிடுகிறது. சிவப்புக் குறைந்தால் பச்சை தூக்கலாகத் தெரியும்.

வழிகள் இரண்டு. நிலையத்தில் உயரம் இருந்தால் 12 மிமீ லென்ஸுக்கு மாறி, கேமராவை இப்போதுள்ள 36 செமீயிலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பு உயரத்துக்குத் தூக்குங்கள், சாய்வு பாதியாகும். உயரம் இல்லாவிட்டால் வெள்ளைத் தகடு ஒன்றைப் படம் எடுத்து, பிக்சல் வாரியாகச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனித் திருத்தம் போடுங்கள். நான் முதல் வழியைத்தான் எடுப்பேன். அப்பர் கூடாரம் போல நிற்பது என்பதால் அகலக் கோணத்தில் அதன் பக்கச் சுவரும் தெரியும், அளவும் பிசகும்.

சென்சாருக்கும் லென்ஸுக்கும் இடையில் வடிகட்டியைச் செருகலாம் என்று யாராவது சொன்னால், கண்ணாடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குவியம் பின்னுக்கு நகரும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு மிமீ கண்ணாடிக்கு 0.3 மிமீ. சி மவுண்டில் அது பெரிய தூரம்.

அடுத்து எக்ஸ்போஷர். 2000 மைக்ரோ விநாடியில் அப்பர் 0.67 மிமீ நகர்கிறது, மூன்று பிக்சலுக்கு மேல் மங்கல். குளோபல் ஷட்டர் இருந்தும் நீங்கள் அதன் பயனில் பாதியை வாங்கவில்லை. 200-க்கு இறக்குங்கள், மங்கல் பிக்சலில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். வெளிச்சம் பத்தில் ஒன்றாகுமே என்றால், அதற்குத்தான் ஸ்ட்ரோப். கேமராவின் ட்ரிகரோடு (படம் எடுக்கச் சொல்லும் மின்குறிப்பு) விளக்கைக் கட்டி, அந்த 200 மைக்ரோ விநாடிக்கு மட்டும் எல்இடிக்கு வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டம் கொடுக்கலாம். விநாடிக்கு ஒரு மின்னல் என்பதால் எல்இடி சூடாகாது. ஆனால் அதற்கென்று உள்ள கன்ட்ரோலர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ட்ரிகர் எங்காவது மாட்டிக்கொண்டு விளக்கு அணையாமல் நின்றால் ஐந்து விநாடியில் பட்டை கருகிவிடும், நான் ஒன்றைக் கருக்கியிருக்கிறேன்.

இதில் மறைவான லாபம் ஒன்று உண்டு. எக்ஸ்போஷர் பத்தில் ஒன்றானால் கூரை வழியாக வரும் பகல் வெளிச்சத்தின் பங்கும் பத்தில் ஒன்றாகும். ஷெட்டின் டியூப் லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குவதும் அதோடு அடங்கிவிடும். அதன் பிறகு தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி கெய்ன் (சிக்னல் பெருக்கம்), தானியங்கி வொயிட் பேலன்ஸ் (வெள்ளைச் சமன்) மூன்றையும் அணைத்துவிடுங்கள். குறிப்பாக மூன்றாவதை. பெல்ட்டில் பழுப்பு அப்பர் வந்தால், படம் முழுவதும் சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும் என்று அது தானாக முடிவு கட்டி, பழுப்பைக் கழுவ ஆரம்பித்துவிடும். சாம்பல் அட்டை ஒன்றை வைத்து ஒருமுறை சரிசெய்து, எண்களைப் பூட்டி வைத்து, வாரம் ஒருமுறை அதே அட்டையால் சரிபாருங்கள். காமா 1-இல் இருக்கட்டும், அப்போதுதான் படத்தின் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும்.

திருவலம் மாணவன் | வெள்ளி, மாலை 5.30

அண்ணா, நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகைக்கான குளோபல் ஷட்டர் கேமராவை வைத்து இதைச் செய்து பழகலாமா?

காட்பாடி கண்ணாடி | வெள்ளி, இரவு 8.00

தாராளமாக. 2023-இல் வந்தது, உள்ளே இருப்பது சோனி ஐஎம்எக்ஸ் 296 கலர் சென்சார், 1456க்கு 1088 பிக்சல், பட்டறைக்காரரின் சென்சாரைப் போலவே 3.45 மைக்ரான் பிக்சல். அகச்சிவப்புத் தடுப்பும் உள்ளேயே இருக்கிறது. பலகையில் வெளி ட்ரிகருக்கான முனை உண்டு, கம்பியைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ள இதைவிட மலிவாக நல்லது கிடைக்காது. தொழிற்சாலையில் வைக்கத் தயங்குவேன். காரணம் சென்சார் அன்று, அந்தத் தட்டை ரிப்பன் கேபிள். மோட்டார்களுக்கு நடுவே பல மீட்டர் இழுத்துச் செல்ல அது செய்யப்படவில்லை. கிகாபிட் ஈதர்நெட் 100 மீட்டர் வரை போகும்.

கறுப்பு வெள்ளை | வெள்ளி, இரவு 9.10

நிறம் கட்டாயம் வேண்டும் என்றால் நான் வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் பெரிய பிக்சலுக்குப் போகலாமே? சோனியின் பிரீஜியஸ் வரிசையில் முதலில் வந்த ஐஎம்எக்ஸ் 174-இல் பிக்சல் 5.86 மைக்ரான். அதன் கிணற்றில், அதாவது ஒளியால் பிறக்கும் மின்னூட்டத்தைப் பிக்சல் சேர்த்து வைக்கும் இடத்தில், சுமார் 32,000 எலக்ட்ரான் கொள்ளும். 3.45 மைக்ரானில் சுமார் 10,500-தான். இப்போது வரும் 2.74 மைக்ரான் அடுக்குச் சென்சார்கள் அதைவிடச் சிறியவை. இரைச்சல் எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்பதால், நிரம்பிய பிக்சலில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமாக 174 சுமார் 180-க்கு ஒன்று தரும், 273 சுமார் 100-க்கு ஒன்று. கறுப்புத் தோல் திருப்பி அனுப்புவது நூற்றில் மூன்று நான்கு பங்கு ஒளியைத்தான். அந்த அடிமட்டத்தில் இரைச்சல் நிறத்தைத் தின்னாதா?

காட்பாடி கண்ணாடி | வெள்ளி, இரவு 9.50

தனிப் பிக்சலைப் பார்த்தால் தின்னும். ஆனால் ஷேடு பார்க்க யாரும் தனிப் பிக்சலைப் பார்ப்பதில்லை. 100க்கு 100 பிக்சல் கட்டம் ஒன்றின் சராசரியை எடுத்தால் இரைச்சல் நூறில் ஒன்றாகிவிடுகிறது. மேலும் கறுப்பு லாட் ஓடும்போது வெள்ளையைக் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை. ஸ்ட்ரோப்பைக் கூட்டிக் கறுப்பையே நடுமட்டத்துக்குத் தூக்கலாம். கறுப்புக்கு ஒரு அமைப்பு, பழுப்புக்கு ஒரு அமைப்பு என்று சேமித்து வைத்தால் போதும்.

5 மெகாபிக்சல் எப்போது தேவை? அரை மிமீ ஊசித் துளையையும் இதே கேமராவில் பிடிக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டால் தேவை. 2448 பிக்சல் அகலத்தில் ஒரு பிக்சலுக்கு 0.12 மிமீ ஆகும், துளை நான்கு பிக்சலில் உட்காரும். அப்போதும் லென்ஸ் அந்த அடர்த்திக்கு ஈடு கொடுக்க வேண்டும். பழைய லென்ஸை மாட்டினால் மங்கலைத்தான் கூடுதல் பிக்சலில் பார்ப்பீர்கள். விவரத்தாளில் விநாடிக்கு இத்தனை படம் என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம், உங்களுக்கு வேண்டியது விநாடிக்கு ஒன்று. ஆனாலும் பேயர் கச்சாப் படமாகவே கணினிக்கு அனுப்பி அங்கே நிறம் பிரியுங்கள். பிக்சலுக்கு ஒரு பைட்டோடு முடிந்துவிடும். கேமராவிலேயே நிறம் பிரித்தால் மூன்று பைட் ஆகும்.

வாணியம்பாடிப் பதம் | வெள்ளி, இரவு 10.05

அக்னி நட்சத்திரத்தில் இந்தக் கேமரா தாங்குமா? ஆம்பூர் ஷெட்டுகளுக்குள் மே மாதம் நிற்க முடியாது.

காட்பாடி கண்ணாடி | வெள்ளி, இரவு 10.30

நியாயமான கேள்வி பாய். வெப்பம் ஏறினால், ஒளியே இல்லாதபோதும் சேரும் சென்சாரின் இருட்டு மின்னோட்டம் ஏழெட்டு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் 200 மைக்ரோ விநாடியில் அது சேர்வதற்கு நேரமே இல்லை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது எல்இடி. சூடேறினால் ஒளியும் குறையும், நிறமும் சற்று நகரும். ஆகவே படத்தின் ஒரு மூலையில், அப்பர் வராத இடத்தில், சாம்பல் துண்டு ஒன்றை நிரந்தரமாக ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு படத்திலும் அதை அளந்து மற்றதைத் திருத்திக்கொள்ளலாம். கேமராவின் உடலை வெறும் பிளாஸ்டிக் தாங்கியில் தொங்கவிடாமல் தடித்த அலுமினியத் தகட்டில் இறுக்கினால் அதன் சூடு இறங்கும்.

சிப்காட் பட்டறை | அடுத்த புதன், இரவு 9.30

நிலவரம் சொல்லிவிடுகிறேன். 12 மிமீ லென்ஸ் போட்டுக் கேமராவை 72 செமீக்குத் தூக்கிவிட்டேன். கூரைத் தகட்டுக்கு நேர் கீழே ஒரு தகர மறைப்பு அடித்தாயிற்று. ஸ்ட்ரோப் 200 மைக்ரோ விநாடியில் ஓடுகிறது. இரண்டு நாள் பகல் ஷிப்டில் கறுப்பு ஒன்றுகூட நிறத்துக்காகக் கழியவில்லை. பழுப்பில் ஆறு ஜோடி கழிந்தன. சூப்பர்வைசர் அவற்றை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்து, ஐந்தைக் கழித்தது சரி, ஒன்றைக் கழித்தது தவறு என்றார். எல்லையைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறேன். 5 மெகாபிக்சல் வாங்கவில்லை.

மீதி இருப்பது பேட்டன்ட் லெதர். கண்ணாடி போல மின்னும் அந்தத் தோலில் எல்இடி பட்டை அப்படியே பிரதிபலித்து, நடுவில் வெள்ளைக் கோடாக விழுகிறது. அந்தக் கோட்டுக்குள் நிறமும் இல்லை, கீறலும் தெரியவில்லை.

காட்பாடி கண்ணாடி | புதன், இரவு 10.00

விளக்கின் முன், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தகடு ஒன்று, லென்ஸின் முன் அதற்குக் குறுக்காகத் திருப்பிய இன்னொன்று. மேற்பரப்பில் நேரடியாகப் பிரதிபலிக்கும் ஒளி அணைந்துவிடும். உள்ளே போய்ச் சிதறி நிறத்தோடு திரும்பும் ஒளி மட்டும் வரும். ஒளி கால்வாசிக்கும் கீழே இறங்கும் என்பதால் ஸ்ட்ரோப்பில் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று கவனியுங்கள்: பளபளப்பில் உள்ள மெல்லிய கீறல் அந்தப் பிரதிபலிப்பில்தான் தெரியும், அதையும் சேர்த்து அணைத்துவிடுவீர்கள். நிறத்துக்கு ஒரு படம், கீறலுக்குப் போலரைசர் இல்லாத விளக்கில் இன்னொரு படம் என்று இரண்டு மின்னல் வேண்டும்.

சிப்காட் பட்டறை | புதன், இரவு 10.20

இரண்டு மின்னலுக்குக் கன்ட்ரோலரில் இன்னொரு சேனல் காலியாக இருக்கிறது. பேட்டன்ட் அப்பர் பத்து ஜோடி திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படம் எடுத்ததும் இங்கே போடுகிறேன்.

வாணியம்பாடிப் பதம் | புதன், இரவு 10.40

பத்து ஜோடியும் நல்லதாக அனுப்பிவிடுவார்கள். கழித்துப் போட்டதில் நான்கு ஜோடி சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.